புயல் மழையில் போன் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்து வழி தேட

கடலூர்ப் பக்கம் போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தால் புகார் எப்படி வரும் என்று முன்கூட்டியே தெரியும். தானே (2011), 2015 வெள்ளம், நிவர் (2020), ஃபெஞ்சல் (2024) என்று எது அடித்து ஓய்ந்தாலும் அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான். பெரும்பாலானவற்றுக்குக் கடைக்கு வரவே தேவையில்லை. புயல் நடந்துகொண்டிருக்கும்போதே கையில் இருக்கும் போனைக் காப்பாற்றினால், அது ஆளைக் காப்பாற்றும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் போனில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத வழி முதலில், செலவு வைக்கும் வழி கடைசியில்.

உயிருக்கே ஆபத்து என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு 112 அடியுங்கள். ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. வெளி மாவட்டத்தில் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்காக 1077 அடிப்பவர்கள், அந்த ஊரின் எஸ்டிடி குறியீட்டை முன்னால் சேர்க்க வேண்டும். கடலூருக்கு 04142. இல்லையென்றால் நீங்கள் இருக்கும் மாவட்டத்து அறைக்குப் போய்விடும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டுங்கள். போன் அணைந்த பிறகு போனுக்குள் இருக்கும் எண் உதவாது.

டவர் காட்டுகிறது, ஆனால் கால் போகவில்லை

ஊரே ஒரே நேரத்தில் போன் செய்கிறது. போனில் பழுது எதுவும் இல்லை.

முதலில் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். கால் போகாத நெரிசலிலும் எஸ்எம்எஸ் போகும், கொஞ்சம் தாமதமானாலும் போய்ச் சேரும். வாட்ஸ்அப் செய்தி அப்படியல்ல, நெட் வந்தால்தான் நகரும். "எல்லாரும் நலம். மாடியில் இருக்கிறோம். மாலை 6" என்று நேரத்தோடு எழுதுங்கள். மூன்று மணி நேரம் கழித்துப் படிக்கிறவருக்கு அது எப்போதைய செய்தி என்று தெரிய வேண்டும்.

அடுத்து, விடாமல் ரீடயல் அடிப்பதை நிறுத்துங்கள். சார்ஜும் போகும், நெரிசலும் கூடும். பத்து நிமிடம் விட்டு ஒருமுறை அடித்தால் போதும்.

இரண்டு சிம் போட்டிருந்தால் மற்ற சிம்மில் அடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கம்பெனி என்றால் பயன் குறைவு. மழைக்காலத்துக்காகவாவது இரண்டாவது சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும்.

அப்படியும் போகவில்லையா? செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குள் போய் நெட்வொர்க் வகையை மாற்றிப் பாருங்கள். ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம்களில் 2ஜிக்கு இறக்கினால் சில நேரம் கால் போய்விடும். ஜியோவில் இதைச் செய்யாதீர்கள். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, இறக்கினால் இருக்கிற டவரும் போய்விடும். ஜியோ சிம்முக்கு 5ஜியிலிருந்து 4ஜி வரைக்கும்தான் இறக்கலாம்.

வீட்டில் பிராட்பேண்ட் உயிரோடு இருக்கிறதா? அப்படியானால் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். டவரே இல்லாமல், சாதாரண எண்ணிலிருந்து சாதாரண எண்ணுக்குக் கால் போகும். ரூட்டருக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்திருந்தால், கேபிள்காரரின் பக்கம் கரண்ட் இருக்கும்வரை இது ஓடும். பலருடைய போனில் இந்த வசதி இருக்கிறது, ஆன் செய்து வைத்திருப்பவர்கள்தான் குறைவு.

டவரே இல்லை

பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு மேலே படியுங்கள். விடையைப் பொறுத்து வழி பிரிகிறது.

*உங்கள் போனில் மட்டும் இல்லை*

ஏரோபிளேன் மோடைப் போட்டு அரை நிமிடம் கழித்து எடுங்கள். வரவில்லையென்றால் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். பிறகு சிம் டிரேயை வெளியே எடுத்து, சிம்மின் பொன்னிறப் பக்கத்தைக் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்துப் போடுங்கள். ஈரக் காற்றே போதும், அதில் மெல்லிய படலம் படிந்துவிடும். இதற்கும் வராவிட்டால் சிம்மை வேறு போனில், பழைய பட்டன் போனாக இருந்தாலும் சரி, போட்டுப் பாருங்கள். அங்கே டவர் வந்தால் கோளாறு போனில்தான். அதை மழை விட்டபிறகு கடையில் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை பட்டன் போனே போதும்.

*உங்கள் கம்பெனிக்காரர்கள் யாருக்குமே இல்லை, வேறு கம்பெனிக்கு இருக்கிறது*

பெரிய புயல், வெள்ளத்தின்போது தொலைத்தொடர்புத் துறை ஒரு கம்பெனி சிம் இன்னொரு கம்பெனியின் டவரில் வேலை செய்ய அனுமதி கொடுப்பதுண்டு. தானாகவே மாறாவிட்டால் கையால் மாற்ற வேண்டும். மொபைல் நெட்வொர்க் பகுதியில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் பட்டனை அணைத்தால், சுற்றிலும் உள்ள கம்பெனிகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். அனுமதி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். நிலைமை சீரானதும் மறக்காமல் பழையபடி தானியங்கிக்கு மாற்றுங்கள். புயல் போய் ஒரு வாரம் கழித்து "டவர் கிடைக்கவில்லை" என்று வரும் போன்களில் சிலவற்றில் பழுதே இருக்காது, இந்தப் பட்டன்தான் அணைந்திருக்கும்.

திரையில் "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி" என்று வந்தால், உங்கள் கம்பெனி இல்லை, ஆனால் வேறு யாருடைய டவரோ எட்டுகிறது என்று பொருள். 112 அடித்துப் பாருங்கள்.

*தெருவில் யாருக்குமே இல்லை*

கரண்ட் போன பிறகு டவர்கள் சில மணி நேரம் பேட்டரியில் ஓடும், பிறகு ஜெனரேட்டர். டீசல் வண்டி வர வழியில்லாமல் தண்ணீர் நின்றுவிட்டால் அதுவும் நின்றுவிடும். அதனால்தான் புயல் அடிக்கும்போது இருந்த டவர், அடித்து ஓய்ந்த பிறகு காணாமல் போகிறது. இதற்கு உங்கள் போனில் செய்ய ஒன்றுமில்லை. டவர் தேடி மொட்டை மாடிக்கு ஏறாதீர்கள். காற்றில் பறக்கும் தகரம் ஒன்று போதும், இடி மின்னலில் மொட்டை மாடி இன்னும் மோசம்.

ஏரோபிளேன் மோடில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு மணியும் அடிக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் மட்டும் திறங்கள். வெளியூரில் இருப்பவர்களிடம் இந்த ஏற்பாட்டைப் புயலுக்கு முன்பே சொல்லி வைத்தால், அவர்களும் அந்த ஐந்து நிமிடத்தில் மட்டும் அழைப்பார்கள், மற்ற நேரம் போன் எடுக்கவில்லையே என்று பதற மாட்டார்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே செல்போன் டவர் விட்டுவிடும். 2017-இல் ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி எட்டாமல் போனதன் வலி குமரி மாவட்டக் கடற்கரை முழுக்க இன்னும் இருக்கிறது. போனை நம்பிப் போகாதீர்கள். விஎச்எஃப் வயர்லெஸ் செட், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்ப இஸ்ரோ தயாரித்துக் கொடுத்த டிரான்ஸ்பாண்டர் கருவி இருந்தால் அது, இரண்டும் வேலை செய்கிறதா என்று கரையிலேயே பார்த்துவிட்டு ஏறுங்கள். ஆபத்துக்கு வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனல், கடலோரக் காவல்படைக்கு 1554.

சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது

பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். டவர் பலவீனமாக இருக்கும் இடத்தில் போன் முழு பலத்தையும் போட்டு டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் தீரும். மேலே சொன்ன ஏரோபிளேன் மோடுதான் முதல் மருந்து. அதன் பிறகு பேட்டரி சேவர், திரை வெளிச்சம் அடிமட்டத்தில், ஹாட்ஸ்பாட் ஆஃப், வாட்ஸ்அப் வீடியோ தானாக இறங்குவது ஆஃப். டார்ச்சுக்குப் போனைப் பயன்படுத்தாதீர்கள். மெழுகுவத்தியோ ஒரு சின்ன டார்ச்சோ வாங்கி வையுங்கள். வீட்டில் நான்கு போன் இருந்தால் ஒன்றை மட்டும் ஆன் செய்து வைத்துக்கொண்டு மூன்றை ஆஃப் செய்யுங்கள்.

சார்ஜ் ஏற்ற வழிகள்: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் போனை ஏறத்தாழ இரண்டரை முறை நிரப்பும், நான்கு முறை என்று கணக்குப் போட வேண்டாம். லேப்டாப்பும் ஒரு பவர் பேங்க்தான், அதைத் திறந்து யூஎஸ்பியில் செருகினால் போன் ஏறும். காரிலும் ஏற்றலாம், ஆனால் மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு ஏற்றாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். இன்வெர்ட்டர் இருந்தால் மின்விசிறியை நிறுத்திவிட்டு முதலில் போனுக்குக் கொடுங்கள். தானேவுக்குப் பிறகு கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஒரு ராத்திரிக்குத்தானே என்று கணக்குப் போடாதீர்கள்.

இடி மின்னலின்போது போன் பேசலாமா என்று கேட்பார்கள். கையில் இருக்கும் போன் மின்னலை இழுக்காது, வீட்டுக்குள் இருந்து பேசலாம். சார்ஜரில் மாட்டிக்கொண்டு பேசக்கூடாது, ஒயர் வழியாக வரும். மாட்டியே வைத்திருந்தால் சார்ஜரும் போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டும் சேர்ந்து போகும்.

*எலக்ட்ரீஷியனையோ இபியையோ கூப்பிட வேண்டிய இடம்:* தண்ணீர் பிளக் பாயின்ட் உயரத்துக்கு வந்துவிட்டாலோ, சுவரைத் தொட்டால் லேசாக அதிர்ந்தாலோ, இன்வெர்ட்டர் பேட்டரி தண்ணீரில் மூழ்கினாலோ, எந்தப் பிளக்கிலும் கை வைக்காதீர்கள். மெயினை அணைக்கத் தண்ணீரில் நடந்துதான் போக வேண்டும் என்றால் அதையும் செய்யாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம்: 94987 94987. ஒரு போன் சார்ஜுக்காகக் கை வைக்கிற இடம் அது அல்ல.

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது

தண்ணீர் பட்ட போனைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர் இல்லை, அதற்குப் பிறகு செருகும் சார்ஜர்தான். வெள்ளத்துக்குப் பிறகு வரும் போனின் சார்ஜ் போர்ட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். உள்ளே வரிசையாக நிற்கும் பின்களில் மின்சாரம் வரும் பின் மட்டும் பச்சையாகப் பூத்து, நுனி கரைந்து, பாதியாக இருக்கும். பக்கத்துப் பின்கள் பளபளவென்று இருக்கும். ஈரத்தோடு சார்ஜர் போட்டதன் தடம் அது.

*அணைந்துவிட்டது*

ஆன் ஆகிறதா என்று பார்க்கவே பார்க்காதீர்கள். கவரைக் கழற்றுங்கள், சிம் டிரேயை எடுங்கள், பட்டன் போன் என்றால் பேட்டரியையும் எடுங்கள். பருத்தித் துணியால் துடைத்து, போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஃபேன் காற்று போதும். ஹேர் டிரையர் வேண்டாம், அடுப்பு மேடை வேண்டாம், சுள்ளென்ற வெயிலும் வேண்டாம். சூடு பட்டால் உள்ளே இருக்கும் பசை இளகும், பேட்டரியும் கெடும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதையும் விட்டுவிடுங்கள். அரிசி ஈரத்தை இழுப்பதைவிட அதன் மாவும் குறுநொய்யும் போர்ட்டுக்குள் போய் அடைப்பதுதான் அதிகம்.

நல்ல தண்ணீர், மழைத் தண்ணீர் என்றால் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள் விடுங்கள். கடல் தண்ணீர், சாக்கடை கலந்த வெள்ளத் தண்ணீர் என்றால் காத்திருக்காதீர்கள். உப்பும் சகதியும் உள்ளே இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் போர்டைத் தின்னும். அணைத்த நிலையிலேயே, பாதை திறந்த உடனே கடைக்குக் கொண்டு வாருங்கள். பிரித்து ஆல்கஹாலால் கழுவினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. "ஐபி68 போன்தானே, தண்ணீர் புகாதே" என்பவர்களுக்கு: அந்தச் சோதனை சுத்தமான தண்ணீரில், புதுப் போனில் செய்தது. வெள்ளத்துக்கு அது சொல்லவில்லை, வாரண்டியும் பொதுவாகத் தண்ணீர்ப் பழுதை ஏற்காது. சிம் டிரே குழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி சில மாடல்களில் இருக்கும், தண்ணீர் பட்டால் சிவப்பாகிவிடும். சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

*ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் சார்ஜ் போட்டால் நீர்த்துளிப் படம் அல்லது எச்சரிக்கை வருகிறது*

நல்லது, போன் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. கேபிளைக் கழற்றுங்கள், தட்டுங்கள், அரை மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். முழுதாகக் காய ஒரு நாள்கூட ஆகலாம். போர்ட்டுக்குள் பஞ்சு, தீக்குச்சி, ஊசி எதையும் விடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். வயர்லெஸ் சார்ஜ் வசதி இருந்தால் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டு அதில் ஏற்றலாம். போர்ட் நன்றாகக் காய்ந்தும் எச்சரிக்கை போகவில்லை என்றால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள், ஈரம் கேபிள் முனையிலும் இருக்கும். அதற்கும் போகாவிட்டால் போர்ட் மாற்ற வேண்டியிருக்கும். சார்ஜ் போர்ட் இருக்கும் சின்ன போர்டு தனியாக வரும் மாடல்களில் சில நூறு ரூபாயோடு முடியும்.

*டச் தானாக ஓடுகிறது, அல்லது கேட்கவில்லை*

திரையில் மழைத்துளி, விரலில் ஈரம். இரண்டையும் துடையுங்கள். துடைத்தும் தானாக ஓடினால் ஈரம் திரைக்குள் போயிருக்கிறது, ஆஃப் செய்யுங்கள். தானாக யாருக்காவது கால் போகும், சார்ஜும் காலியாகும். அவசரத்துக்கு டச் இல்லாமலே உதவி கேட்கலாம். ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும், பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனையும் அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும். சிலவற்றில் மூன்று முறை, சிலவற்றில் ஐந்து. உங்கள் போனில் எத்தனை என்று செட்டிங்ஸில் இன்றைக்கே பார்த்து வையுங்கள். பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ நீளமாக அழுத்த வேண்டும்.

*பின்மூடி உப்பியிருக்கிறது, போன் சும்மாவே சுடுகிறது*

இதில் உங்களுக்கு வேலையில்லை. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். துணி, மெத்தை, கேஸ் சிலிண்டர் பக்கத்தில் இல்லாமல் வெறும் தரையில் வைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள். தாமதம் கூடாது.

எச்சரிக்கைச் செய்தி எனக்கு மட்டும் வரவில்லை

2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். அந்தச் சோதனை இதற்காகத்தான். டவர் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் எண் தேவையில்லாமலே போகும் செய்தி அது. பக்கத்தில் எல்லாருக்கும் வந்து உங்களுக்கு வரவில்லையென்றால், செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் "எமர்ஜென்சி அலர்ட்" என்று தேடுங்கள். சத்தம் பிடிக்காமல் யாராவது அணைத்து வைத்திருப்பார்கள். ஆன் செய்யுங்கள். போன் ஏரோபிளேன் மோடில் இருந்தாலும் வராது. மணிக்கு ஒருமுறை திறக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

அதோடு மாநில அரசின் டிஎன் அலர்ட் செயலி, தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் செயலி, மின்னலுக்குத் தாமினி. தாமினி உங்களைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டத்தில் விழும் மின்னலைக் காட்டும், வயலில் வேலை செய்பவர்கள் போனில் கட்டாயம் இருக்க வேண்டியது. எல்லாவற்றுக்கும் லொகேஷன் அனுமதி கொடுத்தால்தான் வேலை செய்யும்.

நெட் இல்லையா? எஃப்எம் உள்ள போனில் இயர்போன் ஒயரைச் செருகி வானொலி கேளுங்கள், ஒயர்தான் ஆன்டெனா. டேட்டா செலவில்லை, சார்ஜும் கொஞ்சம்தான்.

மழை நின்றதும் இந்தச் செயலிகளை மூடிவிடாதீர்கள். ஆற்றங்கரை ஊர்களில் தண்ணீர் பிறகுதான் வரும். 2024 டிசம்பர் 2 விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி திறந்தார்கள். அந்தத் தண்ணீர் திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து இறங்கி, தென்பெண்ணை வழியாகக் கடலூர் வரை வந்து ஊர்களைச் சூழ்ந்தது. தலைக்கு மேல் வானம் எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது.

எங்கே இருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை

ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம், நெட் வேண்டாம். கூகுள் மேப்பில் உங்கள் ஊர்ப் பகுதியை முன்கூட்டியே ஆஃப்லைனில் இறக்கி வைத்திருந்தால் நீலப் புள்ளி சரியான இடத்தில் நிற்கும். அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு தசம எண்கள் வரும். அவற்றை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் போதும். படகோடு வருகிறவர்களுக்கு இதோடு தெரு, அடையாளம், எத்தனை பேர், குழந்தை, கர்ப்பிணி, நடக்க முடியாத முதியவர் உண்டா, தண்ணீர் எந்த உயரம் என்று ஒரே செய்தியில் வேண்டும்.

குழுக்களில் உதவி கேட்டுப் போட்டால் தேதியும் நேரமும் எழுதுங்கள். மீட்டாகிவிட்டால் அதையும் அதே குழுவில் போடுங்கள். இல்லையென்றால் ஆள் இல்லாத வீட்டுக்குப் படகு போய் வரும், ஆள் இருக்கும் வீடு காத்திருக்கும்.

"ஏரி உடைந்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் வந்தது

பார்வர்ட் செய்யும் முன் மூன்று கேள்வி: எந்தத் தேதி, எந்த ஊர், யார் சொன்னது? மூன்றும் இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள். மழை வந்தாலே பழைய வருடத்து வெள்ள வீடியோ சுற்றும். 1077-க்கு அடித்துக் கேட்கலாம், மாவட்ட ஆட்சியரின் பக்கத்தைப் பார்க்கலாம். வானிலை மையத்தின் சிவப்பு எச்சரிக்கை என்றால் ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழைக்கு வாய்ப்பு. துறைமுகக் கூண்டு எண் கப்பல்களுக்கானது, உங்கள் தெருவுக்கானது அல்ல. 11-ஆம் எண் என்று வந்தால், அதற்கு வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள், 10-ஐவிடப் பெரிய புயல் என்று அல்ல.

கரையோர வீட்டுக்காரர்கள் ஒன்று கவனியுங்கள். சரிபார்க்க முடியாத செய்தி என்றாலும், தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் பார்த்தால் கிளம்பிவிடுங்கள். உறுதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

போனே போய்விட்டது

சிம் மட்டும் தப்பித்திருந்தால் எந்தப் பட்டன் போனிலும் போட்டு அன்றைக்கே பேசலாம். சிம்மும் போயிருந்தால் ஆதாரோடு கம்பெனிக் கடைக்குப் போய் டூப்ளிகேட் வாங்குங்கள். புது சிம் ஓட ஆரம்பித்து முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க வைத்திருக்கும் விதி அது. அதனால் அன்று ஓடிபி வராது. வங்கியில் பணம் எடுக்கவோ நிவாரணத்துக்குப் பதியவோ ஓடிபி தேவைப்படும் என்று தெரிந்தால், வீட்டில் வேறு யாராவது ஒருவரின் எண்ணைக் கொடுக்க முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் போகாமல் முகாமிலோ கூட்டத்திலோ காணாமல் போயிருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்து, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். அந்த எண் போன் வாங்கிய பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். போனில் *#06# அடித்தாலும் வரும். இந்த மழைக்கு முன்பே, அவசர எண்களை எழுதி வீட்டில் ஒட்டிய தாளிலேயே இதையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.